வீட்டிலேயே 'அசெம்பிள்' செய்த துப்பாக்கி.. விற்கப் போனால் என்ன விலை?

ஒடெசா (டெக்சாஸ்): அமெரிக்காவில் உதிரி பாகங்களை வாங்கி வந்து வீட்டு மேஜையிலேயே துப்பாக்கி கோர்க்கிறார்கள். பிறகு அதை விற்கவும் செய்கிறார்கள். இதற்கு என்ன விலை போடலாம் என்பது அங்கே சர்வசாதாரணமான கேள்வி.

ஆனால், டெக்சாஸில் அப்படி வியாபாரம் செய்த ஒருவர் விற்ற துப்பாக்கிக்கு 7 உயிர்கள் பலியாயின. கடைக்குப் போயிருந்தால் சில பத்து டாலர் செலவில் தடுத்திருக்கக் கூடிய சாவுகள் அவை.

2019ம் ஆண்டு ஆகஸ்ட் 31ம் தேதி. சனிக்கிழமை பிற்பகல். மிட்லண்டுக்கும் ஒடெசாவுக்கும் நடுவில் சாதாரண போக்குவரத்து விதிமீறலுக்காக ஒரு காரை போலீசார் நிறுத்தினர். உள்ளே இருந்தவன் பேசவில்லை. துப்பாக்கியை எடுத்துச் சுட ஆரம்பித்தான்.

அப்புறம் வழியெல்லாம் சுட்டுக்கொண்டே போனான். தபால்துறை பெண் ஊழியரைக் கொன்றுவிட்டு அவரது வேனிலேயே தப்பினான். கடைசியில் ஒடெசாவில் ஒரு சினிமா தியேட்டர் பக்கத்தில் போலீசார் அவனைச் சுட்டுக் கொன்றனர்.

அதற்குள் 7 பேர் செத்துப் போனார்கள். 25 பேர் காயம். செத்தவர்களில் 15 வயசுப் பொண்ணும் உண்டு. காயம்பட்டவர்களில் 17 மாசக் குழந்தையும் உண்டு.

இவனுக்குத் துப்பாக்கி கொடுத்தது யார் என்று தோண்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 2014லேயே இவன் ஒரு கடையில் துப்பாக்கி கேட்டிருக்கிறான். மனநிலை காரணமாக இவனுக்குத் துப்பாக்கி கூடாது என்று கம்ப்யூட்டர் சொன்னது. கடைக்காரர் கொடுக்கவில்லை.

2016 அக்டோபரில் லப்பக் நகரைச் சேர்ந்த ஒருவரிடம் இவன் ஏஆர்-15 ரகத் துப்பாக்கி வாங்கினான். அந்த நபரிடம் லைசென்ஸ் கிடையாது. பாகங்களை வாங்குவது, கோர்ப்பது, லாபம் வைத்து விற்பது.. இதுதான் அவர் வழக்கம். வாங்க வருபவன் யார் என்று எந்தக் கம்ப்யூட்டரையும் அவர் கேட்கவில்லை.

வீட்டில் செய்யலாமா?

நம்ம ஊரில் வீட்டில் துப்பாக்கி செய்தால் நேரே ஜெயில்தான். அமெரிக்காவில் அப்படி இல்லை. துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடை இல்லாத எவரும் சொந்த உபயோகத்துக்குச் செய்து கொள்ளலாம் என்கிறது மத்திய சட்டம். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. சில மாநிலங்கள் மட்டும் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

விற்பதற்காகவே செய்தால் கதை வேறு. அதற்கு மத்திய அரசின் லைசென்ஸ் கட்டாயம்.

இப்படி வீட்டில் கோர்ப்பதில் ரொம்பப் பிரபலமானது ஏஆர்-15 ரகம். 'ஏஆர்' என்றால் ஆர்மலைட் ரைபிள். 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தது. 1959ல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. 1970களில் காப்புரிமை காலாவதியானதும் ஆளாளுக்குத் தயாரிக்க ஆரம்பித்து விட்டார்கள். ஒரு கம்பெனியின் குழல் இன்னொரு கம்பெனியின் உடலில் பொருந்தும். நம்ம ரிச்சி தெருவில் மதர்போர்டு ஒரு கடை, ஹார்டு டிஸ்க் இன்னொரு கடை என்று வாங்கி கம்ப்யூட்டர் கோர்ப்பது மாதிரிதான்.

இத்தனை பாகங்களில் சட்டத்தின் கண்ணுக்கு 'துப்பாக்கி' என்பது ஒன்றே ஒன்றுதான். விசை உட்காரும் கீழ்ப்பகுதி. 'லோயர் ரிசீவர்' என்பார்கள். சீரியல் நம்பர் இருப்பது இதில்தான். இதைக் கம்பெனித் தயாரிப்பாக வாங்க வேண்டுமானால் கடைக்குப் போய், படிவம் எழுதி, பின்னணி விசாரணையில் தேற வேண்டும். குழல், கைப்பிடி, கட்டை எல்லாம் தபாலிலேயே வீட்டுக்கு வந்துவிடும்.

போட்ட காசு வருமா?

வராது. பெரும்பாலும் வரவே வராது. முதல் தடவை விற்கப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய ஏமாற்றம்.

நகைக்கடைக் கணக்கை நினைத்துக் கொள்ளுங்கள். வாங்கும்போது செய்கூலி, சேதாரம் எல்லாம் கொடுக்கிறோம். திருப்பி விற்கும்போது அது வருகிறதா? இங்கேயும் அதே கதை. கோர்த்தவரின் உழைப்புக்கு வாங்குபவர் காசு தர மாட்டார். நகையிலாவது தங்கத்துக்கு மதிப்பு உண்டு. இதில் அதுவும் சந்தேகம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். ஒருத்தர் 900 டாலர் செலவு செய்து ஒன்று கோர்த்தார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் 250 டாலர் மேலே மாட்டிய குறிநோக்கிக் கண்ணாடிக்குப் போனது. மிச்சம் 650 டாலர்தான் துப்பாக்கி.

ஆனா, 500 டாலர் சுற்றுவட்டத்திலேயே கம்பெனி கோர்த்த புதுத் துப்பாக்கி உத்தரவாதத்துடன் கிடைக்கிறது. கையில் பணம் வைத்திருப்பவன் எதை எடுப்பான்? வீட்டில் கோர்த்தது அந்தப் புது விலைக்குக் கீழேதான் பேசப்படும். அடகுக் கடைக்குப் போனால் இன்னும் கீழே. அவர் தன் லாபத்தைக் கழித்துக் கொண்டுதான் விலை சொல்வார்.

விலை ஏன் இறங்குகிறது?

முதல் காரணம் நம்பிக்கை. யார் கோர்த்தது, சரியாகக் கோர்த்தாரா என்பது வாங்குபவனுக்குத் தெரியாது. குண்டு உட்காரும் அறையின் அளவு சரியில்லாமல் போனால் வெடிப்பது சுடுகிறவன் முகத்துக்குப் பக்கத்தில். கம்பெனிப் பொருளில் கோளாறு என்றால் கம்பெனியைக் கேட்கலாம். இதில் யாரைக் கேட்பது?

இரண்டாவது, விலைப் பட்டியல் கிடையாது. அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளின் விலைக்கென்றே 'புளூ புக்' என்று தடிமனாக ஒரு புத்தகம் வருகிறது. கம்பெனி, மாடல், நிலைமை வாரியாக விலை போட்டிருப்பார்கள். ஒருத்தர் தன் வீட்டு கராஜில் கோர்த்தது அதில் எப்படி இருக்கும்? மாடலே கிடையாதே.

மூன்றாவது, ருசி. ஒருத்தருக்குப் பிடித்த நிறம், பிடித்த கைப்பிடி, பிடித்த விசை இன்னொருத்தருக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டி சைலன்சர் மாற்றினால் செகண்ட் ஹேண்டில் விலை ஏறுமா என்ன?

ஓரளவு விலை நிற்க வேண்டுமானால் சில விஷயங்கள் வேண்டும். பேர் பெற்ற கம்பெனியின் குழலும் ரிசீவரும், எல்லா பாகத்துக்கும் ரசீது, குழல் எத்தனை குண்டு பார்த்தது என்பதற்குக் கணக்கு. இவை இருந்தால் பேரம் கொஞ்சம் உங்கள் பக்கம்.

விவரம் தெரிந்தவர்கள் வேறொரு வழி சொல்கிறார்கள். முழுசா விற்காதே, பிரித்து விற்றுவிடு என்பதுதான் அது. கண்ணாடி தனி, குழல் தனி, விசை தனி. முழுத் துப்பாக்கிக்கு வருவதைவிட உதிரிக்கு அதிகம் வரும். பழைய வண்டியை உடைத்து விற்றால் லாபம் என்கிற புதுப்பேட்டைக் கணக்குதான் இது.

காலமும் ஊரும்..

விலையை ஆட்டுவது பொருள் மட்டுமல்ல. அரசியலும் ஆட்டும்.

1994ல் இருந்து 2004 வரை இந்த வகைத் துப்பாக்கிகள் பலவற்றைப் புதிதாகத் தயாரிக்க மத்திய அரசுத் தடை இருந்தது. அப்போது தடைக்கு முந்திய பழைய சரக்குக்கு ஏகப்பட்ட கிராக்கி. 2004 செப்டம்பரில் தடை காலாவதியானதும் அந்தக் கிராக்கி போய்விட்டது.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுபடி தடை வந்துவிடும் என்ற பயத்தில் ஜனங்கள் கடைகளில் குவிந்தார்கள். விலை எகிறியது. 2016ல் டிரம்ப் ஜெயித்ததும் தடை வராது என்று தெரிந்துபோனது. வியாபாரம் படுத்தது. 2018ல் ரெமிங்டன் கம்பெனியே திவால் மனு போட்டது. 2020ல் கொரோனாவும் கலவரமும் சேர்ந்து வர, மறுபடி கூட்டம். அந்த ஒரே வருஷத்தில் எப்.பி.ஐ. சிஸ்டத்தில் நடந்த பின்னணி விசாரணைகள் சுமார் 3.97 கோடி!

எத்தனை பிணம் விழுந்தாலும் அங்கே விலை இறங்குவதில்லை. தடை வரும் என்ற பயத்தில் ஏறுகிறது. தடை வராது என்று தெரிந்தால் இறங்குகிறது. விசித்திரமான சந்தைதான்.

ஊரும் முக்கியம். கலிபோர்னியா 1989லேயே இந்த ரகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. நியூயார்க் 2013ல் இறுக்கியது. இல்லினாய்சும் வாஷிங்டன் மாநிலமும் 2023ல் விற்பனைக்குத் தடை போட்டன. அதாவது டெக்சாசில் சில நூறு டாலர் பெறும் ஒரு துப்பாக்கிக்கு வாஷிங்டனில் சட்டப்படி விலையே கிடையாது.

அப்படியானா பக்கத்து மாநிலத்துக்குக் கொண்டு போய் விற்றால் என்ன? முடியாது. மாநிலம் விட்டு மாநிலம் தனியார் கைமாற்றம் மத்திய சட்டப்படி குற்றம். வாங்குபவரின் மாநிலத்தில் உள்ள லைசென்ஸ் டீலர் வழியாகத்தான் போக வேண்டும்.

நம்பர் இல்லாத துப்பாக்கி

இதுவரை சொன்னது நம்பர் உள்ள துப்பாக்கிக்கு. நம்பரே இல்லாத துப்பாக்கி என்றால் கணக்கு தலைகீழ்.

முழுசா முடிக்காத ரிசீவரை 'இது வெறும் உலோகத் துண்டு' என்று சொல்லி நம்பர் இல்லாமல் விற்றார்கள். வாங்கியவர் வீட்டில் மிச்ச வேலையை முடித்தால் துப்பாக்கி தயார். நம்பர் இல்லை, பதிவு இல்லை, விசாரணை இல்லை. 'பேய்த் துப்பாக்கி' என்று பேர் வைத்தார்கள்.

நேர்மையாக வாங்குபவருக்கு இது ஆர்.சி. புக் இல்லாத பைக். எவனாவது இதை வைத்துக் கொலை செய்திருந்தால்? திருட்டுப் பொருளாக இருந்தால்? தொடவே மாட்டார். அதனால் நல்ல சந்தையில் மதிப்பு குறைவு.

அதே நம்பர் இல்லாததுதான் கடையில் வாங்க முடியாதவனுக்கு வரப்பிரசாதம். 2021ல் குற்றச் சம்பவங்களில் போலீசாரிடம் சிக்கி, மத்திய அரசுக்குத் தகவல் வந்த பேய்த் துப்பாக்கிகள் மட்டும் சுமார் 20 ஆயிரம். 2016ஐ விட 10 மடங்கு!

அரசாங்கமே ஏமாந்த கதை

துப்பாக்கிக்கு விலை போடத் தெரியாமல் அரசாங்கமே அசடு வழிந்த கதையும் உண்டு.

ஊரில் துப்பாக்கி குறையட்டும் என்று அமெரிக்க நகரங்களில் 'கொண்டு வந்து கொடு, காசு வாங்கிக்கோ' முகாம் நடத்துவார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். காசுக்குப் பதில் பரிசு அட்டை தருவார்கள்.

2022 ஜூலையில் ஹூஸ்டனில் அப்படி ஒரு முகாம். ஒரு ஆசாமி 62 துப்பாக்கிகளோடு வந்து நின்றார். எல்லாம் 3டி பிரிண்டரில் அடித்த பிளாஸ்டிக் சரக்கு. வேலை செய்யாத துப்பாக்கிக்கு 50 டாலர் என்று ரேட் போட்டிருந்தார்கள். அந்த ரேட்டில் 62க்கும் வாங்கிக் கொண்டு போனார். சூடு பட்ட அதிகாரிகள், அடுத்த முகாமில் இந்தச் சரக்கை வாங்க மாட்டோம் என்று அறிவித்தனர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் மாநிலம் யூட்டிகா நகரில் இன்னும் பெரிய கூத்து. நம்பர் இல்லாதது ஆபத்து என்பதால் அதற்குக் கூடுதல் ரேட் என்று அங்கே அறிவித்திருந்தார்கள். ஒருத்தர் பிரிண்டரில் அடித்த பாகங்களைக் குவித்துக் கொண்டு வந்தார். 21 ஆயிரம் டாலர் பரிசு அட்டைகளோடு போனார்! அதன் பிறகுதான் பொருளைப் பார்த்து விலை முடிவு செய்யும் அதிகாரத்தை ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள்.

சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம்பர் இல்லாததற்கு விலை கூட்டினால் நம்பர் இல்லாதது பெருகும். சந்தைக்கு நல்லது கெட்டது தெரியாது. ரேட் மட்டும்தான் தெரியும்.

பொழுதுபோக்கா? தொழிலா?

இப்போது லப்பக் ஆசாமிக்கு வருவோம். போட்ட காசே திரும்பாது என்றால் அவருக்கு மட்டும் எப்படி லாபம் வந்தது?

இந்த இடம்தான் முக்கியம். லைசென்ஸ் டீலருக்கு செலவு அதிகம். கடை வேண்டும், பதிவேடு வேண்டும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விசாரணை நடத்த வேண்டும், வரி கட்ட வேண்டும். வீட்டில் இருந்து விற்பவருக்கு இதெல்லாம் இல்லை. அதோடு, கடையில் 'இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவன் இவரிடம் வந்தால் பேரம் பேச மாட்டான். கேட்ட விலையைக் கொடுப்பான்.

ஆக, கேள்வி கேட்காமல் கொடுப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அது எந்த 'புளூ புக்'கிலும் இல்லை.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வியாபாரம் செய்ததாகவும், வருமான வரிக் கணக்கில் பொய் சொன்னதாகவும் அவர் 2020ல் கோர்ட்டில் ஒப்புக் கொண்டார். 2021 ஜனவரியில் 2 வருஷம் ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது. செத்தது 7 பேர் என்பது குறிப்பிடத்தக்கது.

எத்தனை விற்றால் 'வியாபாரம்' என்பதற்குச் சட்டத்தில் கணக்கு கிடையாது. பழைய சட்டத்தில் 'பிழைப்புக்காகவும் லாபத்துக்காகவும்' செய்தால்தான் டீலர் என்று இருந்தது. 'இது என் பிழைப்பு இல்லீங்க, சும்மா பொழுதுபோக்கு' என்று சொல்லித் தப்பிக்க இது ஓட்டையாக இருந்தது. 2022ல் பைடன் கையெழுத்திட்ட சட்டத்தில் 'பிழைப்பு' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, 'முக்கியமாக லாபத்துக்காக' செய்தாலே போதும் என்று மாற்றினார்கள். துப்பாக்கிக்கு ஆதரவான குடியரசுக் கட்சி சார்பில் இதைப் பேசி முடித்தவர் டெக்சாஸ் செனட்டர் ஜான் கார்னின்.

அதே 2022 ஆகஸ்டில், எளிதில் துப்பாக்கியாக மாறும் பாகத் தொகுப்புகளும் துப்பாக்கிதான், நம்பரும் விசாரணையும் வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 26ம் தேதி சுப்ரீம் கோர்ட் 7-2 என்ற கணக்கில் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி நீல் கோர்சச்.

நம்மவர்கள் கவனத்துக்கு..

டெக்சாசில் நம்ம ஜனங்கள் ஏராளம். டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் போனால் தமிழ் காதில் விழும். அங்கே இருக்கும் மகனோ, மருமகனோ, வேலை செய்யும் இடத்தில் ஒரு நண்பர் 'சீப்பா தர்றேன்' என்றார் என்று ஆசைப்படலாம்.

எச்1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்திய சட்டப்படி கூடாது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. இது தெரிந்தே விற்றால் விற்பவர் மீதும் வழக்கு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

அவரும் வீட்டில் கோர்த்த துப்பாக்கியை வாங்கும் முன் பார்க்க வேண்டியது விலையை அல்ல. நம்பரை. நம்பர் இல்லை என்றால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுவதே உத்தமம்.

உண்மையான விலை

சரி, விற்பவர் என்ன செய்ய வேண்டும்? அதிலும் ஒன்றும் கஷ்டமில்லை. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் தனிநபர் தன் சொந்தத் துப்பாக்கியை விற்கும்போது விசாரணை கட்டாயம் இல்லை. ஆனால் செய்யக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. வாங்குபவரை அழைத்துக் கொண்டு பக்கத்து டீலர் கடைக்குப் போனால் அவர் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லி விடுவார். கட்டணம் சில பத்து டாலர்தான்.

900 டாலர் போட்டதற்கு 450 வந்தால் நஷ்டம் 450 டாலர். வருத்தம்தான். நாலு நாளில் மறந்து போகும். அந்தச் சில பத்து டாலர் கட்டணத்தையும் சேர்த்துக் கழித்தால்கூட யாரும் ஏழையாகி விட மாட்டார்கள்.

2014ல் கடைக் கம்ப்யூட்டர் 'இவனுக்குக் கொடுக்காதே' என்று சரியாகத்தான் சொன்னது. 2016ல் அந்தக் கம்ப்யூட்டரை யாராவது இன்னொரு முறை கேட்டிருந்தால் அதையேதான் சொல்லியிருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒடெசாவில் அந்த 15 வயசுப் பொண்ணு இன்று இருந்திருந்தால் இருபதைத் தாண்டியிருப்பாள்.